நான் ஸ்டிக்கர் ஒட்டிய சி.டி.க்கள்

1. டியூப் லைட் தெரிந்த சி.டி.

சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்கு ஒரு புதன்கிழமை காலையில் ஆரோக்கியமேரி டீச்சரும் அவர் கணவரும் வந்தார்கள். கடலூர் செம்மண்டலத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு சி.டி.

"பதினாலு வருஷம் முன்னாடி கடலூர்ல உங்க சென்டர்ல எடுத்தது. வண்டியிலேர்ந்து உழுந்தப்ப தலைக்கு எடுத்தாங்க. இதுல இருக்கிற படத்த மட்டும் எடுத்துக் குடுத்துடுங்கம்மா. திங்கக்கெழம பாண்டிச்சேரில அட்மிஷன்" என்றார்.

விஷயம் இதுதான். டீச்சருக்குத் தலைவலி என்று போன மாதம் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். மூளையை மூடியிருக்கும் உறையில் ஒரு கட்டி தெரிந்திருக்கிறது. பழைய ரிப்போர்ட்டிலும் அதே இடத்தில் 'சிறியதாக ஒன்று தெரிகிறது' என்று ஒரு வரி இருந்தது. எத்தனை மில்லிமீட்டர் என்று போடவில்லை. பாண்டிச்சேரி டாக்டர் சொன்னதை டீச்சர் அப்படியே திருப்பிச் சொன்னார்: "அன்னைக்கி இருந்த அளவே இன்னைக்கும் இருந்தா மண்டைய தொறக்க வேணாம், வருஷா வருஷம் பாத்துகினா போதும். வளந்திருந்தா எடுத்துடணும். பழைய படம் கெடைக்கலன்னா வளந்திருக்குன்னு வச்சிதான் முடிவு பண்ணணும்."

ஃபிலிம்கள் வெள்ளம் வீட்டுக்குள் வந்த வருடம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. அன்றைக்கிருந்த எங்கள் சர்வர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. டீச்சர் கையில் மிச்சம் இருந்தது இந்த சி.டி. மட்டும்.

"கீழ்ப்பக்கம் பாருங்க, ஒரு கீறல் கெடயாது. பளபளன்னு இருக்குற பக்கத்த மேல வர்ற மாதிரி வச்சி, கைக்குட்டையில சுத்தி பீரோவுல வச்சிருந்தேன்" என்றார் டீச்சர். உண்மைதான். கண்ணாடி மாதிரி முகம் தெரிந்தது. நான் அதை வாங்கித் தலைக்குமேல் இருந்த டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். நடுவில் ரூபாய் நாணயம் அளவுக்கு இரண்டு இடத்தில் டியூப் லைட் அப்படியே தெரிந்தது.

"இதுல ஒரு ஸ்டிக்கர் இருந்திருக்குமே டீச்சர்?"

"ஆமா. ஓரம் எழும்பி அழுக்கு புடிச்சிகினு இருந்துச்சி. நேத்து எடுத்து வக்கிறப்ப உரிச்சிட்டேன். ஏன்?"

ஸ்டிக்கரோடு வெள்ளிப் பூச்சும் உரிந்து வந்துவிட்டது என்றும், படம் அந்தப் பூச்சோடுதான் இருந்தது என்றும் சொன்னேன். அவர் கணவர் உடனே பிடித்துக்கொண்டார்.

"ஒன்ன யாரு உரிக்கச் சொன்னது? கைய வச்சிகினு சும்மா இருக்கத் தெரியாதே ஒனக்கு! பதினாலு வருஷம் பத்திரமா இருந்தத ஒரு நிமிஷத்துல தொலச்சிட்டியே."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

நான் அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "நேரம் குடுங்க டீச்சர், வேற வழி இருக்கான்னு பாக்கறேன். ஞாயித்துக்கெழமக்குள்ள சொல்றேன்" என்று அனுப்பிவைத்தேன்.

அந்த ஸ்டிக்கரை ஒட்டியவள் நான்.

2. ஒட்டிய கதை

எனக்குச் சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து கடலூர் சென்டரில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். வேலை என்றால் பெயர் பதிவது, ரிப்போர்ட் அடிப்பது, சி.டி. போடுவது, அதாவது ஸ்கேன் படங்களை அதில் பதிவது. இப்போது சேரும் பிள்ளைகள் நோயாளியின் போனுக்கு ஒரு லிங்க் அனுப்பிவிட்டுக் காபி குடிக்கப் போகிறார்கள். சி.டி. டிரைவ் எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரியாது. அவர்களுக்காகத்தான் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

அன்றைக்கு எங்கள் மேனேஜர் ஞானவேல் சார். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் அவசரம். சி.டி. பதியும் ரைட்டர் மேல் அதன் வேகம் 52எக்ஸ் என்று போட்டிருக்கும். புதிதாக வந்த டி.வி.டி. ரைட்டரில் 16எக்ஸ். "புதுசு வாங்கிட்டு பழசவிட மெதுவா? அம்பத்திரண்டு பெருசா, பதினாறு பெருசா?" என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார். சி.டி.க்கு ஒரு எக்ஸ் என்பது வேறு, டி.வி.டி.க்கு ஒரு எக்ஸ் என்பது வேறு. டி.வி.டி.யின் ஒரு எக்ஸ், சி.டி.யுடையதைப்போல் ஒன்பது மடங்கு. அந்தக் கணக்கில் 16எக்ஸ் டி.வி.டி. 52எக்ஸ் சி.டி.யைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகம். இதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. புரிந்த பிறகு எல்லா டிஸ்க்கையும் 16எக்ஸிலேயே போடு என்று ஆரம்பித்துவிட்டார். நான் மாட்டேன் என்றேன். வேகமாகப் போட்டால் பதிவு தெளிவாக விழாது. சில டிஸ்க்குகள் எழுதிய டிரைவில் திறக்கும், வேறு டிரைவில் முரண்டு பிடிக்கும். நான் 4எக்ஸில் போட்டு, போட்டதைத் திரும்பப் படித்து வெரிஃபை பண்ணிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

"ஒரு டிஸ்க்க வச்சிகினு அரை மணி நேரமா அடைகாக்குறியே செல்வி" என்பார்.

"அடைகாத்தாதான் சார் குஞ்சு பொரிக்கும்" என்பேன். வாய் அதிகம் எனக்கு.

வாடிக்கையாளர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. டி.வி.டி.யில் மைனஸ் ஆர், பிளஸ் ஆர் என்று இரண்டு வகை உண்டு. சும்மா இரண்டு கம்பெனிக் கூட்டங்கள் போட்டுக்கொண்ட சண்டையில் வந்த பெயர்கள். ஒருநாள் ஒருவர் கவரைப் பார்த்துவிட்டு, "ஒடம்பு சரியில்லாதவுங்க பேர்ல மைனஸா? பிளஸ்ஸுல மாத்திக் குடும்மா" என்று அடம்பிடித்தார். மாற்றிக் கொடுத்தேன். எனக்கென்ன நஷ்டம்.

ஸ்டிக்கர் என் யோசனை. மார்க்கரில் எழுதிய பெயர் வியர்வைக் கையில் அழிந்து, ஒரே நாளில் வந்த இரண்டு ராஜேந்திரன்களின் சி.டி.க்கள் மாறிப்போயின. நல்லவேளை, வாசலிலேயே கண்டுபிடித்தோம். அதற்குப் பிறகு வட்டமான ஸ்டிக்கர் தாள் வாங்கி, நோயாளி பெயர், வயது, தேதி, மேலே சென்டர் பெயர் என்று பிரிண்ட் எடுத்து, காற்றுக் குமிழ் இல்லாமல் தேய்த்து ஒட்ட ஆரம்பித்தேன். பார்க்க அவ்வளவு அழகு. டாக்டர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு புது ஸ்கேன் மெஷின் வந்தது. ஒரு ஆளுக்கே நூற்றுக்கணக்கில் படங்கள். எழுநூறு எம்.பி. சி.டி.யில் அடங்காமல், சென்டரின் பேக்கப்பை எல்லாம், பழையதையும் சேர்த்து, வாரவாரியாக டி.வி.டி.க்கு மாற்றினோம். ஒரு டி.வி.டி.யில் 4.7 ஜி.பி. என்று போட்டிருக்கும், கம்ப்யூட்டர் 4.38 என்று காட்டும்; கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணும், கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணும். டி.வி.டி.க்கும் ஆசையாக ஸ்டிக்கர் ஒட்டினேன். டிரைவில் போட்டதும் கடகடவென்று ஆட்டம். தாளின் எடை ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த வேகத்தில் டிஸ்க் நேராகச் சுற்றாது. அதிலும் டி.வி.டி.யில் பதிவுக் கோடுகள் இன்னும் நெருக்கம், லேசர் இன்னும் நுணுக்கம்; சின்ன ஆட்டத்தைக்கூடத் தாங்காது. அதனால் டி.வி.டி.க்கு ஸ்டிக்கரை நிறுத்திவிட்டு, நடுத்துளையைச் சுற்றி இருக்கும் தெளிவான வளையத்தில் மார்க்கரால் தேதி மட்டும் எழுதினேன்.

அப்போது கெட்டுப்போன டிஸ்க்குகளை உடைத்துப் பார்த்தேன். டி.வி.டி. இரண்டு தகடாகப் பிரிந்தது. க்ரீம் பிஸ்கட் மாதிரி. பதிவு நடுவில் இருக்கும் க்ரீமில். மேலே உரசினாலும் கீழே உரசினாலும் உடனே ஒன்றும் ஆகாது. சி.டி. அப்படியில்லை. அது சர்க்கரை தூவிய பிஸ்கட். பிளாஸ்டிக் முழுவதும் கீழே, பதிவும் வெள்ளிப் பூச்சும் மேலே, அதற்குமேல் மெல்லிய வார்னிஷ், அவ்வளவுதான். பளபளக்கும் பக்கத்தில் கீறல் விழுந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். பெயர் எழுதும் பக்கம்தான் உயிர்நிலை. நம் ஊரில் எல்லா வீட்டிலும் பளபளப்பைப் பத்திரப்படுத்தி, பெயர்ப்பக்கத்தைத் தரையில் தேய்ப்பார்கள்.

இது எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. புதிதாகக் கொடுக்கும் சி.டி.க்களுக்கு ஸ்டிக்கரை நிறுத்திவிட்டேன். அதற்கு முன் ஒட்டிக் கொடுத்தவை வீடு வீடாகப் போயிருக்கின்றனவே என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

3. கடைசி ஃபோல்டர்

வியாழக்கிழமை லீவு போட்டுக் கடலூர் போனேன். சென்டர் சிதம்பரத்துக்கு மாறியபோது விட்டுவந்த பழைய கட்டடத்தின் மாடி அறையில்தான் பேக்கப் டி.வி.டி.க்கள் கிடந்தன. ஜன்னல் கம்பி துருப்பிடித்து உதிர்ந்தது. கடல் காற்று இரும்பையே தின்னும்போது டிஸ்க்கை விட்டுவைக்குமா என்று பயமாக இருந்தது. நடு வளையத்துத் தேதியைப் பார்த்துப் பார்த்து, டீச்சர் ஸ்கேன் எடுத்த வாரத்தின் டி.வி.டி.யை அரை மணியில் கண்டுபிடித்தேன். ஓரத்தில், இரண்டு தகடும் ஒட்டும் இடத்தில், பழுப்பாக ஏதோ பூத்திருந்தது. க்ரீம் பிஸ்கட்டுக்கு எதிரி அதுதான். ஓரத்து ஒட்டு விட்டால் ஈரம் உள்ளே போய்விடும்.

டி.வி.டி.க்கள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டேன். மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரிலிருந்து டி.வி.டி. ரைட்டரையும் ஸ்க்ரூ கழற்றி எடுத்துக்கொண்டேன். அந்த டிஸ்க்கை எழுதிய அதே ரைட்டர்.

வெள்ளிக்கிழமை சிதம்பரத்தில் போட்டுப் பார்த்தேன். பட்டியல் திறந்தது. ஆரோக்கியமேரி என்ற பெயர் கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஃபோல்டரைத் திறந்தால் படங்களின் பெயர்களும் வரிசையாக இருந்தன. படத்தைத் தொட்டால் டிரைவ் முனகியது, திணறியது, எர்ரர் என்றது. காரணம் சுலபம். டிஸ்க்கில் பதிவு நடுவில் ஆரம்பித்து ஓரத்தை நோக்கி வரும். பட்டியல் நடுவில் பத்திரமாக இருந்தது. டீச்சர் அந்த டிஸ்க்கின் கடைசி நோயாளி. அவருடைய படங்கள் பழுப்பேறிய ஓரத்தில் இருந்தன.

மதியம் டீச்சர் போன் செய்தார்.

"கெடைக்குமா செல்வி?"

"பேர் தெரியுது டீச்சர். படம் இன்னும் வர்ல. விடமாட்டேன்."

"வீட்ல அவுரு பேசவே மாட்டேங்கறாரு. என்னாலதான இவ்வளவும். அத உரிக்காம இருந்திருக்கலாம்."

அப்போதும் நான் சொல்லவில்லை. முதலில் படத்தை எடுத்துவிடுவோம், கையில் படத்தோடு சொன்னால் கோபம் குறைவாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். கேவலமான கணக்கு.

4. பதினான்காம் படம்

சனிக்கிழமை காதர் பாயிடம் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாண வீடியோ டிஸ்க்குகளைக் காப்பாற்றித் தருவதில் கைதேர்ந்தவர். அவரிடம் நல்ல டிரைவ் ஒன்று உண்டு.

"ஓரம் பூத்துருச்சேம்மா. இதுல ஸ்பீடு ஜாஸ்தி வச்சா ஒண்ணும் தேறாது. ஒரு எக்ஸ்ல ஓட்டுவோம்" என்றார்.

படிக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு, முடியாத இடத்தைத் தாண்டிப் போய், பிறகு அதே இடத்துக்கு விடாமல் திரும்பி வந்து முயலும் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டோம். பிரச்சினை இல்லாத இடத்தை எல்லாம் விழுங்கிவிட்டு, ஓரத்துக்கு வந்ததும் டிரைவ் மாட்டு வண்டி ஆனது. மூளையைக் குறுக்காக வெட்டிக் காட்டும் வரிசையில் இருபத்து நான்கு படங்கள். மதியச் சாப்பாட்டுக்குள் பத்தொன்பது வந்துவிட்டன. கட்டி பன்னிரண்டாம் படத்தில் தொடங்கியது, பதின்மூன்றில் பெரிதானது, பதினைந்தில் சிறுத்தது. பதினான்கு வரவில்லை. அதில்தான் கட்டி முழு அளவில் தெரியும்.

நான் சென்டரின் ரேடியாலஜிஸ்ட் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, பதின்மூன்றை வைத்து அளந்துவிடலாமா என்று கேட்டேன்.

"மண்டைய தொறக்கலாமா வேணாமான்னு முடிவெடுக்கிற அளவும்மா இது. தோராயமா சொல்ல முடியாது. பதினாலு வேணும்" என்றார்.

காதர் பாய் டிரைவை ஆறவிட்டார். டிஸ்க்கை நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஓரத்துக்கு என்று மெல்லிய துணியால் துடைத்தேன்; வட்டமாகத் துடைக்கக் கூடாது, பதிவு ஓடும் திசையில் கீறல் விழும். திரும்பப் போட்டோம். வரவில்லை. மறுபடியும் போட்டோம். வரவில்லை.

"உங்க பழைய ரைட்டர மாட்டிப் பாப்போமா? எழுதுன கை தன் கையெழுத்த எப்புடியாவது படிச்சிடும்" என்றார் பாய்.

மாட்டினோம். அதன் கதவுகூட ஒழுங்காகத் திறக்கவில்லை. குண்டூசியை ஓட்டையில் விட்டுத் திறந்தேன். அந்த ரைட்டர் முதல் பாதியில் நிறைய இடத்தில் தோற்றது. கவலையில்லை, அந்த இடங்களைப் பாயின் டிரைவ் ஏற்கெனவே எடுத்துவிட்டது. ஒரு டிரைவ் விட்டதை இன்னொன்று பிடிக்கும். இரண்டையும் சேர்த்து ஒரே நகலாக்கலாம். சாயங்காலம் நான்கு மணிக்குத் திரையில், விட்டுப்போன இடம் படிக்கப்பட்டுவிட்டது என்று காட்டும் பச்சைக் கட்டம் விழுந்தது. திறந்தேன். பதினான்கு.

நான் காதர் பாய் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "மெதுவாம்மா, வயசாவுது எனக்கு" என்று சிரித்தார்.

5. டீச்சர் கேட்ட கேள்வி

ஞாயிறு காலை டீச்சரும் கணவரும் வந்தார்கள். டாக்டரம்மா லீவு நாளிலும் வந்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். இரண்டு தடவை அளந்தார்.

"அன்னைக்கி பதினாலு மில்லிமீட்டர். இன்னைக்கும் பதினாலு. கட்டி வளரல. நான் எழுதித் தரேன், நாளைக்கி அங்க டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆபரேஷன் வேணாம்னுதான் சொல்லுவாரு."

கணவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து, "நான் உரிச்சிக் கெடுத்தத நீங்க காப்பாத்திட்டீங்க" என்றார்.

அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்க கெடுக்கல டீச்சர். சி.டி.ல ஸ்டிக்கரே ஒட்டக் கூடாது. ஒட்டுனது நான். தப்புன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சி போச்சி. உங்ககிட்ட சொல்லல. புதன்கெழமையும் சொல்லல."

டீச்சர் கையை எடுத்துக்கொண்டார்.

"நாலு நாளா இவுரு என்ன திட்டிகினு இருக்காரு. நானே என்னைத் திட்டிகினு இருந்தேன். நீங்க தெரிஞ்சிகினே பாத்துகினு இருந்தீங்க."

"ஆமா டீச்சர்."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்ப்பதுபோல் என்னை நேராகப் பார்த்தார்.

"எனக்கு மட்டுந்தான் ஒட்டுனீங்களா?"

"இல்ல டீச்சர். ரெண்டு வருஷத்துக்கு மேல, எல்லாருக்கும்."

"அப்ப அவுங்களுக்கெல்லாம் யாரு சொல்றது?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் அட்மிஷன் ரத்தானது என்று அவர் கணவர்தான் போன் செய்து சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமையே ஆரம்பித்தேன். கடலூரிலிருந்து கொண்டுவந்த டி.வி.டி.க்களை ஒவ்வொன்றாக ஹார்ட் டிஸ்க்கில் இறக்குகிறேன். ஒவ்வொரு நோயாளியின் ஃபோல்டரிலும் டாக்டர் சீட்டின் நகல் இருக்கிறது; அதில் போன் நம்பர் இருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினம் பத்துப் பேரைக் கூப்பிடுகிறேன். பாதி நம்பர்கள் உயிரோடு இல்லை. சில நோயாளிகளும் இல்லை. அவர்கள் பிள்ளைகளிடம் அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்குகிறேன். கடலூர் பக்கத்துக் குடிகாடு ஊரிலிருந்து ஒருவர் ஸ்டிக்கர் உரியாத சி.டி.யோடு மறுநாளே வந்து நின்றார், முழுவதும் இறங்கியது. இப்போதைய மேனேஜர் இந்த வேலையை யாராவது சின்னப் பெண்ணிடம் கொடுத்துவிடச் சொல்கிறார். மாட்டேன் என்றுவிட்டேன்.

சி.டி. போடும் வேலையில் நான் கற்றது இவ்வளவுதான்: மெதுவாகப் போடு, போட்டதைப் படித்துப் பார், ஒரே பதிவை இரண்டு இடத்தில் வை. தப்பு தெரிந்தால், தெரிந்த அன்றைக்கே, யாரிடம் போய்ச் சேர்ந்ததோ அவர்களிடம் சொல். முதல் மூன்றையும் இருபது வருடமாக விடாமல் செய்தேன். நான்காவதை இப்போதுதான் செய்கிறேன், தினமும் பத்துத் தடவை, இதே வார்த்தைகளில்:

"வணக்கங்க, ஸ்கேன் சென்டர்லேர்ந்து செல்வி பேசறேன். முன்ன உங்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டி ஒரு சி.டி. குடுத்தோம். வீட்ல இருந்தா அந்த ஸ்டிக்கர உரிக்காம எடுத்துகினு வாங்க. அத ஒட்டுனது நான். தப்பு என்னுது."